முதுசமும் முதல் வீடும்

வீடு என்னுஞ் சொல்லுக்குத் தமிழிலே பொருள் இரண்டு. உயிர் ஈற்றில் அடையும் பேறு ஒன்று. உடல் தங்கி வாழும் மனை மற்றொன்று. முன்னையதற்கு வரி விதிக்க எந்த அரசும் இன்னும் வழி கண்டிலது. பின்னையதற்கோ, வாங்கும்போது ஒரு வரி, வைத்திருக்கும்போது ஒரு வரி, விற்கும்போது ஒரு வரி என நாடுதோறும் வரிகள் உள. இக்கட்டுரை அவற்றுள் முதலாவதாகிய வாங்கும்போது செலுத்தும் வரியைப் பற்றியது. அதிலும், முதன்முறை வீடு வாங்குவோர்க்கு அரசு வழங்குஞ் சலுகையைப் பற்றியும், பெற்றோர்வழி வந்த முதுசச் சொத்து அச்சலுகையை எங்ஙனம் தடுக்கின்றது என்பதைப் பற்றியுமே ஈண்டு விளக்கப்படும்.

இப்பொருள் ஒரு கல்லூரியின் விழா மலருக்கு ஏற்றதோ எனச் சிலர் ஐயுறலாம். எமது பழைய மாணவருட் பலர் இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழ்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் தமக்கென ஒரு முதல் வீடு வாங்கும் பருவத்தை எய்தியுள்ளனர். ஊரிலோ, முதுமை எய்திய பெற்றோரும் பேரன் பேத்தியரைக் கண்ட பெரியோரும் காணி உறுதிகளை எடுத்து, இன்னாருக்கு இன்னது என எழுதி வைக்கின்றனர். நொத்தாரிசின் மேசையில் இங்கே இடப்படும் ஒரு கையொப்பம், கடல் கடந்த ஒரு நகரிலே பிள்ளையின் வரிக்கணக்கை ஆயிரக்கணக்கான பவுண் அளவில் மாற்றிவிடும் என்பதை எழுதுவோரும் அறியார். பெறுவோரும் பெரும்பாலும் அறியார். அறிந்து செய்தல் நன்று என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரியுஞ் சலுகையும்

முதலில் இங்கிலாந்தின் நிலையை நோக்குவோம். அந்நாட்டில் ஆவணங்களுக்கு முத்திரைத் தீர்வை விதிக்கும் வழக்கம் 1694ஆம் ஆண்டிலே, பிரான்சுடன் நடந்த போருக்குப் பணந் திரட்டும் பொருட்டுத் தொடங்கியது. போர் முடிந்தது; தீர்வை முடியவில்லை. காலந்தோறும் அது உருமாறி, 2003ஆம் ஆண்டு திசெம்பர் 1ஆம் நாள் தொடக்கம் காணி வீடுகளைப் பெறுவோர் செலுத்தும் முத்திரைத் தீர்வைக் காணி வரியாக நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் இன்று இவ்வரியே உரியது. ஸ்கொத்லாந்தும் வேல்சும் தத்தமக்கெனத் தனி வரிகளை வகுத்துக்கொண்டுள்ளன.

2025ஆம் ஆண்டு ஏப்பிரல் 1ஆம் நாள் தொடக்கம் உள்ள ஒழுங்கின்படி, வீட்டு விலையின் முதல் 125,000 பவுணுக்கு வரி இல்லை. அதற்குமேல் 250,000 வரையுள்ள பகுதிக்கு நூற்றுக்கு 2. அதற்குமேல் 925,000 வரையுள்ள பகுதிக்கு நூற்றுக்கு 5. அதற்கு மேற்பட்ட விலைகளுக்கு வீதம் இன்னும் உயரும். முழு விலைக்கும் ஒரே வீதம் அன்று. படிபடியாக, ஒவ்வொரு பகுதிக்கும் அதற்குரிய வீதமே கணக்கிடப்படும்.

முதல் வீடு வாங்குவோர்க்குச் சலுகை அளிக்கும் எண்ணம் முன்னரும் இருந்தது. 2010ஆம் ஆண்டு மார்ச்சு 25 தொடக்கம் ஈராண்டுகளுக்கு, 250,000 பவுண் வரையான வீடுகளுக்கு அத்தகைய சலுகை வழங்கப்பட்டு 2012ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாளுடன் நின்றது. பின்னர், 2017ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் தொடக்கம் புதியதொரு சலுகை வந்தது. அதன் எல்லை 2022 செத்தெம்பர் 23 முதல் 2025 மார்ச்சு 31 வரை உயர்த்தப்பட்டிருந்து, பின் பழைய அளவுக்கே திரும்பியது. அவ்வளவின்படி, 500,000 பவுணுக்கு மேற்படாத வீட்டை முதன்முறையாக வாங்குவோர் முதல் 300,000 பவுணுக்கு வரி செலுத்த வேண்டியதில்லை. எஞ்சிய பகுதிக்கு நூற்றுக்கு 5 செலுத்தினால் அமையும். விலை 500,000 பவுணை ஒரு பவுணேனுங் கடந்தாற் சலுகை முற்றாக அற்றுப்போம்.

கணக்கிட்டுப் பார்ப்போம். 300,000 பவுண் விலையுள்ள வீட்டுக்குப் பொதுவான வரி 5,000 பவுண். சலுகை பெறுவோர்க்கு ஒன்றுமில்லை. 400,000 பவுண் வீட்டுக்குப் பொதுவரி 10,000, சலுகையுடன் 5,000. 500,000 பவுண் வீட்டுக்குப் பொதுவரி 15,000, சலுகையுடன் 10,000. ஆகவே இச்சலுகையின் உச்ச அளவு 5,000 பவுண் என்பது தெளிவு. செல்வர்க்கு அது சிறு தொகையாகலாம். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து முற்பணஞ் சேர்க்கும் இளந்தம்பதியர்க்கு அது பல மாத உழைப்பு.

'முதன்முறை' என்பதன் பொருள்

இனி, முதன்முறை வாங்குபவர் என்பவர் யார் என்னும் வினாவுக்கு வருவோம். விலை கொடுத்து வீடு வாங்குவது இதுவே முதன்முறையாயின் அவர் முதன்முறை வாங்குபவர் தாமே என்று நாம் எண்ணுவோம். சொல்லின் இயல்பான பொருள் அதுவே. ஆனாற் சட்டத்தின் பொருள் அஃதன்று. வீடொன்றின் முழு உரிமையையோ நீண்டகாலக் குத்தகை உரித்தையோ முன்னர் எக்காலத்திலேனும், உலகின் எந்நாட்டிலேனும் பெற்றிராதவரே முதன்முறை வாங்குபவர் என்பது அச்சட்டத்தின் கருத்து. பெறுதல் என்பதனுள் விலைக்குப் பெறுதல், நன்கொடையாகப் பெறுதல், மரபுரிமையாகப் பெறுதல் என மூன்றும் அடங்கும். எனவே, ஒருபோதும் ஒரு வீட்டையும் வாங்கியிராத ஒருவர், பாட்டியார் விட்டுச்சென்ற வீட்டில் ஒரு பங்குக்கு உரியவராயினமையாலேயே முதன்முறை வாங்குபவர் அல்லர் ஆகிவிடுவர். கொள்வோன் என்னுஞ் சொல்லைக் கேட்டதும் காசு கொடுத்தவனை நினைப்பது எமது வழக்கு. கைக்கொண்டவன் எவனாயினும் அவன் கொள்வோனே என்பது அச்சட்டத்தின் வழக்கு.

இவ்வரைவிலக்கணத்தில் நான்கு செய்திகள் கருதத்தக்கன.

முதலாவது, பங்கு எத்துணைச் சிறியதாயினும் பங்கே. முழு வீடு பெற்றவருக்கும் எட்டில் ஒரு பங்கு பெற்றவருக்கும் இச்சலுகையளவில் வேறுபாடு இல்லை. பெறுமதி குறைவு என்பதும் இங்கே விடையாகாது.

இரண்டாவது, முன்னர் பெற்று இப்பொழுது இல்லை என்பதும் விடையாகாது. முதுசப் பங்கை உடனே சகோதரருக்கு எழுதிக் கொடுத்தவரும், விற்றுப் பணத்தைப் பகிர்ந்தவரும் முன்னர் ஒருமுறை உரியவராக இருந்தவரே. இன்று நீர் வீடுடையவரா என்று சட்டம் வினவவில்லை. என்றேனும் வீடுடையவராக இருந்தீரா என்றே வினவுகின்றது.

மூன்றாவது, இருவர் சேர்ந்து வாங்கும்போது இருவருமே முதன்முறை வாங்குபவராய் இருத்தல் வேண்டும். கணவனுக்கு ஊரிலே முதுசப் பங்கு இருந்து மனைவிக்கு ஒன்றும் இல்லையாயின், இருவர் பேரிலும் வாங்கப்படும் வீட்டுக்குச் சலுகை இல்லை.

நான்காவது, சட்டம் கூறுவது குடியிருப்பதற்குரிய வீட்டையே. வயற்காணி, பனங்காணி, கட்டடமற்ற வெறுவளவு ஆகியவற்றை மரபுரிமையாகப் பெறுதல் வீடு பெறுதல் ஆகாது. ஆகவே முதுசம் என்று கேட்டவுடன் அஞ்சவேண்டியதில்லை. அம்முதுசத்தில் வீடு உண்டோ என்பதே முதல் வினா.

இந்நான்காவது செய்தியிலிருந்து எமது மக்களுக்கு நெருங்கிய ஒரு வினா எழுகின்றது. 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் மீண்டு சென்றபோது, கூரையுங் கதவுமின்றிச் சுவர்கள் மட்டும் எஞ்சிய வீடுகளைக் கண்டன. அத்தகைய பாழ்மனையும் வீடாகுமோ? இங்கிலாந்தில் இத்தகைய வினா பலமுறை நியாயசபைகளின் முன் வந்துள்ளது. வெஸ்டன்-சூப்பர்-மேர் என்னும் ஊரின் பாழடைந்த சிறு வீடொன்று, வாங்கிய நாளில் குடியிருப்புக்கு ஏற்றதாய் இருக்கவில்லையாதலால் வீடன்று என 2019ஆம் ஆண்டில் ஒரு நியாயசபை தீர்த்தது. எனினும் 2024ஆம் ஆண்டில் மேல்நிலை நியாயசபையும் 2025ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றமும், திருத்தம் வேண்டிக் கிடப்பதனால் மட்டும் ஒரு வீடு வீடல்லாமற் போகாது என்னுங் கருத்தை வலியுறுத்தின. கூரை ஒழுகும் வீடு வீடே. சுவரே எஞ்சிய பாழ்மனையின் நிலை வேறாகலாம். உரிமை கைக்கு வந்த நாளில் மனை எந்நிலையில் இருந்தது என்பதே தீர்மானிக்கும். ஆதலின் அந்நாளைய ஒளிப்படங்களையுங் கிராம சேவையாளரின் கடிதங்களையும் பேணி வைத்தல் பயன் தரும்.

எமது நாட்டு முதுசம்

இங்கிலாந்துச் சட்டம் உலகெங்குமுள்ள வீடுகளைக் கணக்கில் எடுக்கின்றதாதலால், எமது நாட்டில் உரிமை எப்பொழுது, எவ்வாறு கைம்மாறுகின்றது என்பதையும் அறிதல் வேண்டும்.

யாழ்ப்பாணத்துத் தமிழரின் ஆதன வழக்காறுகள் தேசவழமை எனப்படும். ஒல்லாந்தர் காலத்திலே, கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1706ஆம் ஆண்டளவில் அவற்றைத் திரட்டினார். தமிழ் முதலிமார் பன்னிருவர் அத்திரட்டைப் பார்வையிட்டு ஒப்புக்கொண்டனர். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்டவலு அளித்தனர். பின் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரித்து, மரபுரிமைக் கட்டளைச்சட்டம் இதனைத் திருத்தியமைத்தது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் முப்பிரிவும் எம்மவர் நாவில் இன்றும் வழங்குவனவே. பெற்றோர்வழி இறங்கி வருவது முதுசம். மகளுக்கு மணக்காலத்திற் கொடுப்பது சீதனம். மணவாழ்வில் ஈட்டுவது தேடியதேட்டம்.

இவற்றுள் சீதன வீட்டைப் பெற்ற மகள், விலை ஒன்றுங் கொடாவிடினும், வீடு பெற்றவளே. மணமுடித்து இலண்டன் சென்று முப்பது ஆண்டு வாடகை வீட்டில் இருந்தாலும், முதன்முறை வாங்குபவள் என்று அவள் கூறுதற்கில்லை.

நன்கொடை உறுதிகளின் நிலையும் இத்தகையதே. பெற்றோர் தமக்குச் சீவியவுரித்தை வைத்துக்கொண்டு வீட்டைப் பிள்ளைக்கு எழுதிவைப்பது எமது ஊர்களிற் பெருவழக்கு. இருப்பதும் அநுபவிப்பதும் பெற்றோர். எனினும் ஆதனத்தின் உரிமை உறுதி முடிந்த நாளிலேயே பிள்ளைக்கு மாறிவிடுகின்றது. நன்கொடையை ஏற்றுக்கொண்டதாக ஒருவர் கையொப்பமிட்டாலன்றி அது செல்லாது என்பதும் எமது சட்டத்தின் கோட்பாடு. பிள்ளை சிறு பராயத்தினதாயின் உறவினர் ஒருவர் அதன் சார்பில் ஏற்றுக் கையொப்பமிடுவர். இவ்வாறு ஆறு வயதிலே வீட்டுக்கு உரியவராகி, முப்பது வயது வரை அதனை அறியாதிருப்போரும் உளராதல் கூடும்.

மரபுரிமையில் இன்னுமொரு நுட்பம் உண்டு. இங்கிலாந்திலே ஒருவர் இறந்தால், அவருடைய சொத்து முதலில் அதனை நிருவகிப்போரின் கைக்குச் செல்லும். கடன்கள் தீர்ந்து நிருவாகம் முடிந்த பின்னரே உரியோர்க்கு வரும். இலங்கையிலோ, இறந்த கணமே ஆதனத்தின் உரிமை வழித்தோன்றல்கள்மேல் இறங்கும் என்பதே எமது நீதிமன்றங்கள் நெடுங்காலமாய் ஏற்றுக்கொண்ட கோட்பாடு. மரணசாதன வழக்கு முடியாவிடினும், உறுதி எழுதப்படாவிடினும், தோம்பிலும் பதிவேட்டிலும் பழைய பெயரே நின்றாலும் அவ்வுரிமை இறங்கியதே. ஆகவே, நான் ஒன்றிலுங் கையொப்பமிடவில்லை, பங்கு இன்னும் பிரிக்கப்படவில்லை என்று இலண்டனிலிருக்கும் மகன் கூறுவானாயின், அக்கூற்று அவனைக் காக்கும் என்று நம்பியிருத்தல் ஆகாது. வீடு வாங்குமுன் இவ்விரு நாட்டுச் சட்டமும் அறிந்தாரிடம் அவன் வினவியே தீரவேண்டும்.

மேலதிக வரி

மேற்கூறிய சலுகை இழப்பு ஒன்று. இதனோடு பலர் சேர்த்துக் குழப்பிக்கொள்வது மேலதிக வீதம் என்னும் மற்றொன்று. முன்னரே ஒரு வீடு உடையார் இன்னொரு வீடு வாங்கும்போது, பொதுவரிக்கு மேலாக முழு விலைக்கும் ஒரு வீதம் செலுத்தவேண்டும். 2016ஆம் ஆண்டு ஏப்பிரல் 1 முதல் அது நூற்றுக்கு 3 ஆக இருந்தது. 2024ஆம் ஆண்டு ஒற்றோபர் 31 முதல் நூற்றுக்கு 5. இங்கும் வெளிநாட்டு வீடு கணக்கில் சேரும். கணவன் மனைவியரில் ஒருவருடைய வீடு மற்றவர்க்குஞ் சேரும். 400,000 பவுண் வீட்டுக்கு இம்மேலதிக வரி மட்டும் 20,000 பவுண். பொதுவரியுடன் 30,000 பவுண். சலுகை பெற்றிருந்தால் 5,000 மட்டுமே செலுத்தவேண்டிய வீடு அது.

ஆனால் இவ்வரியிற் சட்டம் முதுசத்தின்பாற் சிறிது இரக்கங் காட்டுகின்றது. இன்று உடைய வீடே இங்கே நோக்கப்படும். முன்னர் இருந்து கைவிட்டது நோக்கப்படாது. உடைய பங்கின் பெறுமதி 40,000 பவுணுக்குக் குறைவாயின் அது புறக்கணிக்கப்படும். வீடு வாங்கும் நாளுக்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள் மரபுரிமையாகப் பெற்ற பங்கு, கணவன் மனைவியர் இருவர் பங்கையுஞ் சேர்த்து, பாதிக்கு மேற்படாதாயின் அதுவும் புறக்கணிக்கப்படும். ஆகவே தாயார் இறந்து ஈராண்டில் மூன்றிலொரு பங்குடைய மகன் வீடு வாங்கினால் மேலதிக வரி இல்லை. ஆனால் முதன்முறைச் சலுகையும் இல்லை. அவன் பொதுவரி செலுத்துவான். மூன்றாண்டு கடந்து, பங்கும் 40,000 பவுண் பெறுமதியை எட்டியிருந்தால், மேலதிக வரியும் அவன்மேற் சாரும்.

சலுகைக்கு ஒரு சட்டம், மேலதிக வரிக்கு ஒரு சட்டம் என இரண்டும் வேறு என்பதை மனத்திற் கொண்டாலே பாதிக் குழப்பந் தீரும். மேலதிக வரிக்குரிய மூன்றாண்டுக் கணக்கையும் பாதிப் பங்குக் கணக்கையும் எடுத்துச் சலுகைக்குப் பொருத்துவதே பலர் மயங்கும் இடமாகும்.

ஒரு முதுசம், மூன்று நகரங்கள்

இச்சட்டம் இங்கிலாந்துக்கு மட்டும் உரிய விந்தையோ, எங்கும் உள்ளதோ என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு தாயார் யாழ்ப்பாணத்திற் காலமாகின்றார். நான்கு பரப்புக் காணியும் அதிலுள்ள கல்வீடும் மூன்று பிள்ளைகளுக்குஞ் சமபங்காக இறங்குகின்றன. மூத்தவர் இலண்டனில், நடுவிலார் ரொறன்ரோவில், இளையவர் சிட்னியில். மூவரும் அதுகாறும் வீடு வாங்காதவர். மூவரும் அடுத்த ஆண்டில் தத்தம் நகரில் முதல் வீடு வாங்க முனைகின்றனர்.

இலண்டனிலுள்ள மூத்தவர் சலுகை இழப்பார் என்பது மேலே கண்டோம். விலை 400,000 பவுணாயின் 5,000 பவுணுக்குப் பதிலாக 10,000 செலுத்துவார்.

ரொறன்ரோவிலுள்ளவர் நிலையும் ஏறக்குறைய அதுவே. ஒன்ராறியோ மாகாணத்தில் முதல் வீடு வாங்குவோர்க்குக் காணிக் கைமாற்ற வரியில் 4,000 டொலர் வரை திரும்பக் கிடைக்கும். 368,000 டொலர் வரையான வீட்டுக்கு அவ்வரியே இராது. ரொறன்ரோ மாநகரம் அறவிடுந் தனி வரியிலும் 4,475 டொலர் வரை சலுகை உண்டு. ஆனால் உலகின் எப்பகுதியிலும் வீட்டிலோ வீட்டுப் பங்கிலோ ஒருபோதும் உரிமை பெற்றிராதவருக்கே அது உரியது. அவ்வுரிமை விலையால் வந்ததோ, நன்கொடையால் வந்ததோ, மரபுரிமையால் வந்ததோ என்னும் வேறுபாடு அங்கும் இல்லை. ஆகவே நடுவிலார் இரண்டையும் இழப்பார். அவர் துணைவர், மணவாழ்வின்போது எங்கேனும் வீடுடையவராய் இருந்திருந்தாலும் அது தடையாகும்.

சிட்னியிலுள்ள இளையவர் நற்பேறு உடையவர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் சட்டம், வாங்குபவரும் துணைவரும் அவுஸ்திரேலியாவில் முன்னர் குடியிருப்பு ஆதனம் உடையவராய் இருந்தனரா என்று மட்டுமே வினவுகின்றது. யாழ்ப்பாணத்து வீடு அவ்வினாவுக்கு அப்பாற்பட்டது. 2023ஆம் ஆண்டு யூலை 1 முதல், 800,000 டொலர் வரையான வீட்டுக்கு முழுவிலக்கும், 1,000,000 டொலருக்குக் குறைந்தவற்றுக்குப் படிப்படியான சலுகையும் அங்கு உண்டு. மற்றை நிபந்தனைகளை நிறைவேற்றினால் இளையவர் அதனைப் பெறுவார்.

பிரித்தானியாவுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. வேல்சிலே முதன்முறை வாங்குவோர்க்கெனத் தனிச் சலுகை இல்லை; 2022ஆம் ஆண்டு ஒற்றோபர் 10 முதல் 225,000 பவுண் வரையான விலைக்குப் பொதுவாகவே வரி இல்லை. ஆகவே அங்கு முதல் வீடோ அன்றோ என்று எவரும் வினவுவதில்லை. ஸ்கொத்லாந்திற் சலுகை உண்டு. 145,000 பவுண் என்னும் வரியில்லா எல்லையை 175,000 ஆக உயர்த்துவதே அது. அதன் உச்சப் பயன் 600 பவுண் மட்டுமே.

ஒரே தாயின் வயிற்றிற் பிறந்து, ஒரே வீட்டில் ஒரே அளவு பங்கு பெற்ற மூவருக்கு மூன்று நகரங்களில் இத்தகைய வேறுபாடு. இதிலிருந்து அறியத்தக்கது, இஃது இயற்கை நியதி அன்று. அவ்வந் நாட்டுச் சட்டமியற்றுவோர் தெரிந்தெடுத்த எல்லைக்கோடு என்பதே.

இது நியாயமோ?

சட்டத்தின் சார்பிற் கூறத்தக்கது உண்டு. இச்சலுகை, வீட்டுச் சந்தையில் காலூன்ற இடமற்றோர்க்கு ஒரு கைகொடுப்பு. இலண்டனிலே முழுவீடொன்றை மரபுரிமையாகப் பெற்றவர் அதனை விற்றுப் பெரும்பொருள் அடையலாம். அவரையும் வெறுங்கையரையும் ஒப்ப நடத்துதல் முறையன்று. மேலும், இத்தனை பங்கு, இத்தனை பெறுமதி, இத்தனை ஆண்டு என்று அளக்கத் தொடங்கினால் வழக்குகள் பெருகும். ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் விடை கூறத்தக்க வினாவே நடைமுறைக்கு எளிது.

ஆயின், எட்டுப் பேருக்குப் பொதுவான ஒரு நாற்சார் வீட்டில் எட்டிலொரு பங்கு, இலண்டனில் வீடு வாங்க முற்பணமாக உதவுமோ? அதனைப் பிரிக்க ஒரு பங்குவழக்கு. விற்க எண்மரின் ஒப்புதல். பார்க்க ஒரு விமானச் செலவு. அப்பங்கின் பயன் பெரும்பாலும் நினைவே. நினைவை உடைமையாக எண்ணி வரிக்கணக்கிற் சேர்ப்பது நோக்கத்தை விட்டுச் சொல்லைப் பற்றுவதாகும். மேலதிக வரிக்கு 40,000 பவுண் எல்லையும் பாதிப் பங்கு எல்லையும் வகுக்க முடிந்த அதே சட்டம், சலுகைக்கும் அத்தகைய ஓர் எல்லையை வகுத்தல் இயலாததன்று. அளக்குங் கோல் ஏற்கெனவே கையில் உண்டு. அதனை மறுபக்கத்திற்கும் பயன்படுத்துவதே வேண்டுவது. இஃது என் கருத்து. ஆயினுஞ் சட்டம் மாறும்வரை, உள்ள சட்டத்தின்படி ஒழுகுவதே கடன்.

செய்யத்தக்கன

இனி, நடைமுறையில் எம்மவர் செய்யத்தக்கவற்றைச் சுருங்கக் கூறுவேன். யான் சட்டம் பயின்றவன் அல்லேன். சொற்பொருள் ஆராய்வதே என் தொழில். ஆதலின் இவை சட்டத்தரணியின் ஆலோசனைக்கு ஈடாகா. அவரிடம் என்ன கேட்கவேண்டும் என்பதற்கான குறிப்புகளே.

ஊரிலுள்ள பெற்றோர் உறுதி எழுதுமுன், வெளிநாட்டிலுள்ள பிள்ளை முதல் வீடு வாங்கிவிட்டதா என்று ஒருமுறை வினவுக. வாங்கும் எண்ணம் அண்மையில் உண்டாயின், நன்கொடை உறுதியைச் சிலகாலம் பிற்போடுவதால் தீங்கு யாதும் உண்டோ என நொத்தாரிசுடன் கலந்து நோக்குக. உயிருடன் இருக்கும்போது எழுதுவதன் காலத்தைத் தெரிந்துகொள்ளலாம். இறப்பின் காலத்தை எவருந் தெரிந்துகொள்ள இயலாது. வீட்டையும் வெறுங்காணியையும் பிள்ளைகளுக்குப் பிரித்து எழுதும்போது, யாருக்கு வீடு, யாருக்குக் காணி என்பதில் இச்செய்தியையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம்.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள், வீடு வாங்க முற்படும்போது, என் பெயரில் ஊரிலே ஏதேனும் உறுதி உண்டோ என்று பெற்றோரையுஞ் சிறிய தந்தை, மாமன் முதலியோரையுங் கேட்டறிக. பேரனார் இறந்து தந்தையும் இறந்திருந்தால், தந்தையின் பங்கு தமக்கு இறங்கியதோ என்றும் ஆராய்க. அறிந்ததை மறையாது தம் சட்டத்தரணிக்குக் கூறுக. இங்கிலாந்தில் வரிவிவரத்தை 14 நாளுக்குள் ஒப்படைக்கவேண்டும். அதில் உள்ளது உண்மை என்று உறுதிகூறுபவர் வாங்குபவரே. யாழ்ப்பாணத்துப் பதிவேட்டை இலண்டனில் யார் பார்க்கப்போகின்றார் என்னும் எண்ணம் சிலருக்கு எழலாம். பொய்க்கூற்றுக்கு வரியும் வட்டியுந் தண்டமும் பின்னர் வரும் என்பது ஒருபுறம் நிற்க. எமது கல்லூரி எமக்குக் கற்பித்தது அத்தகைய எண்ணத்தை அன்று.

மற்றொருபுறம், 5,000 பவுணுக்கு அஞ்சி முதுசத்தைத் துறக்க விரைவதும் அறிவுடைமை ஆகாது. ஏற்றபின் துறந்தாலும் இழந்த சலுகை மீளாது என்பதை முன்னரே கண்டோம். பங்கைச் சகோதரருக்குக் கொடுக்க விரும்பின், அது அன்பினாற் கொடுக்கப்படுக. வரி மீளும் என்னும் நம்பிக்கையாற் கொடுக்கப்படாதிருக்க. முதுசப் பங்கின் பெறுமதி சலுகையின் பெறுமதியைவிடப் பன்மடங்காயிருத்தலுங் கூடும். இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கணக்கிட்டுப் பார்த்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

காணி உறுதியைப் பற்றிப் பெற்றோரும் பிள்ளைகளும் வெளிப்படையாகப் பேசுவது எமது குடும்பங்களில் அரிது. பெற்றோர் உயிருடன் இருக்கையில் சொத்தைப் பற்றிக் கேட்பது பண்பன்று என்று பிள்ளை நினைப்பான். தூரத்திலுள்ள பிள்ளைக்கு இதனைச் சொல்லி வருத்துவானேன் என்று பெற்றோர் நினைப்பர். இருவர் எண்ணமும் அன்பினாலேயே எழுவன. ஆயினும் அவ்வன்பின் மௌனம் சில வேளைகளிற் பிள்ளையின் முதல் வீட்டின்மேல் ஒரு கடனாக விழுகின்றது. தொலைபேசியில் வாரந்தோறும் பேசும் பேச்சில் ஒருநாள் இதனையுஞ் சேர்த்துக்கொள்வீர்களாக. முன்னோர் கட்டிய வீடும் நிலைபெறுக. பின்னோர் வாங்கும் வீடும் சிறந்து விளங்குக.